இடது பக்க எர்த்து

இல்ல தம்பி, பேட்டரியில கை வைக்காதே. அது புதுசு, போன மாசம்தான் போட்டது. அதுக்கு முன்னாடி ஒருத்தன் ஆல்டர்னேட்டரை மாத்தினான். இன்னொருத்தன் இடது ஹெட்லைட் பல்பை ரெண்டு தடவை மாத்திட்டு, வண்டியை வித்துடுங்க சார்னு புத்தி சொல்லி அனுப்பிட்டான். பதினெட்டு வருஷத்து வண்டி, இல்லேங்கல. அதுக்காக எல்லாக் கோளாறையும் வயசு மேல போட்டா எப்படி? அப்புறம் மெக்கானிக் எதுக்கு, டாக்டரே போதுமே.

மறுபடி சொல்றேன், நிதானமா கேளு. வலது பக்கம் எல்லாம் ஒழுங்கு. இடது பக்கம் மட்டும்தான் தகராறு. லைட்டு எரியறதில்ல. டேஷ்போர்டு மேல ஒட்டியிருக்கே, பார்க்கிங் சென்சார் பொட்டி, ஏதாவது கிட்ட வந்தா அதுல வலது பக்கம் செவப்புக் கோடு வரும். இடது பக்கம் வரவே வராது. பீப் பீப்னு சும்மா கத்தும். யாரைப் பாத்துக் கத்துதுன்னு நான் எங்க போய்த் தேடறது? அந்தப் பக்கத்துக்கு எல்லாம் ஒரே எர்த்து வயர்னு நீதானே சொன்னே? அதுதான் எங்கயோ லூசு.

இன்னிக்கே பாத்துச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை பையன் வரான். வந்தா கார் சாவியை வாங்கிட்டுத்தான் போவேன்னு ஃபோன்லயே மெரட்டறான். தப்பு வண்டியிலதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா அவன் வாயை அடைச்சிடுவேன்.

சிரிக்காதேப்பா. நான் என்ன சும்மா ஆளா? லைசென்ஸ் ஆபீஸ்ல முப்பது வருஷம் டெஸ்ட் எடுத்தவன். உன்னையே ரெண்டு தடவை ஃபெயில் போட்டிருக்கேன், மறந்துட்டியா? ஓஹோ, மறக்கலையா! அந்தக் கோவத்தை என் வண்டி மேல காட்டிடாதே.

எப்பெப்பப் பண்ணுதா? இது கேள்வி. இதை இதுவரைக்கும் எவனும் கேக்கல. அங்கதான் விஷயமே இருக்கு. வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருந்தா வண்டி தங்கம். ஒரு கீறல் விழாது. அவ இல்லாம தனியா எடுத்தேன், வம்புதான். ஒரு நாள் நம்ம வீட்டு கேட்டு. ஒரு நாள் எதிர்வீட்டுப் பூந்தொட்டி. இன்னிக்குக் காலையில இந்த இடது சைடு கண்ணாடி. ஆமா, தூண்ல ஒடைஞ்சதுதான்.

யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபிடிச்சேன். அவ சீட்டுக்கு அடியில வயர் போகுதில்ல? அவ உக்காந்தா அழுத்தத்துல கனெக்‌ஷன் சேருது, எழுந்தா விட்டுப் போகுது. உன் வெயிட்டாலதான் இந்த வண்டியே ஓடுதுடின்னு அவகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பேசல.

சீட்டைக் கழட்டிட்டியா? என்ன இருக்கு? அட, அவ கம்மல்! இதுக்காக வீட்டையே தலைகீழாப் புரட்டினா. சரி, வயர் எப்படி இருக்கு? நல்லாவே இருக்கா? மீட்டர் வெச்சுப் பாத்தியா? எர்த்து போல்ட்டு? துரு கூடவா இல்ல?

அப்ப லைட்டைப் போட்டுப் பாத்துடு. ஷட்டரை எறக்கு, சுவத்துல அடிச்சுக் காட்டு. நான் ஸ்டியரிங்ல உக்காந்துக்கறேன். ம், வட்டம் விழுது. ஒண்ணு. ஒண்ணுதான் தம்பி, இதைத்தானே அப்பலேர்ந்து கத்திட்டிருக்கேன். என்னது? ரெண்டா?

எங்க? தலையை முழுசா அந்தப் பக்கம் திருப்பணுமா? இரு.

ஆமா. இருக்கு. ஜோராத்தான் எரியுது.

நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இப்ப நீ என்னைப் பாக்கறியே, இதே மாதிரி டெஸ்ட்ல எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்.

அவ வண்டியில ஏறினா வாய் மூட மாட்டா. லெஃப்ட்ல பைக்கு, லெஃப்ட்ல லாரி, லெஃப்ட்ல ஒரு நாய் படுத்திருக்கு, கொஞ்சம் ரைட்ல ஒடிங்க. எனக்கா, எரிச்சல் எரிச்சலா வரும். ஊருக்கே டெஸ்ட் எடுத்தவனுக்கு நீ சொல்லித் தரியான்னு கத்துவேன். கத்திட்டு, அவ சொன்ன பக்கம் ஒடிச்சிடுவேன். இத்தனை நாளா இந்த வண்டியில ஒழுங்கா வேலை செஞ்ச சென்சார் அவ ஒருத்திதான். தெரிஞ்சுதான் சொல்லியிருப்பா. கண்ணைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

தூண் இல்ல தம்பி. பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா பையோட நின்னாங்க. கண்ணாடி அவங்க முழங்கையில அடிச்சிடுச்சு. நல்லவேளை, சிராய்ப்போட போச்சு. உனக்குக் கண்ணு தெரியலையாய்யான்னு கேட்டாங்க. முப்பது வருஷமா நான் அடுத்தவங்களைக் கேட்ட கேள்வி. இறங்கி மன்னிப்புக் கூட கேக்காம நேரா உன்கிட்ட ஓடி வந்துட்டேன்.

இந்தா, சாவியைப் புடி. கையை நீட்டுப்பா. நீட்டிட்டுத்தான் நிக்கறியா? எங்க? இப்படி வலது பக்கமா வா.

வேணாம், அவளுக்கு நீ ஃபோன் போடாதே, நானே சொல்லிக்கறேன். என்ன, அவளையே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றியா? நல்லாத்தான் ஓட்டுவா, என்னை விட நல்லாவே ஓட்டுவா. ஆனா லைசென்ஸ் இல்ல. மூணு தடவை டெஸ்டுக்கு வந்தா. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டிட்டான்னு ஆபீஸ்ல ஒருத்தனும் பேசிடக் கூடாதுன்னு மூணு தடவையும் நானே ஃபெயில் போட்டேன். காரணம்னு ஒண்ணு எழுதணுமில்ல? எழுதினேன். இடது பக்கம் பாக்கறதில்லன்னு.