சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயர்

இளஞ்செழியன், வயது 44, த/பெ. புருஷோத்தமன், நெல்லித்தோப்பு, புதுச்சேரி. அங்கேயே கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். காலாப்பட்டில் நடந்த விபத்தில் ஏர்பேக் விரியாததற்கு நான் ஒயரைப் பிடுங்கிவிட்டதே காரணம் என்று இராமதாஸ் கொடுத்த புகாரின்பேரில் வரச் சொன்னதால் வந்து, என் வாயால் சொல்வது என்னவென்றால்:

மேற்படி இராமதாஸ் எங்கள் தெருக்காரர். மீட்டரில் ஏர்பேக் லைட் அணையாமல் எரிகிறது என்று காரைக் கொண்டுவந்தார். ஸ்கேனர் போட்டதில் கோளாறு இடதுபக்க முன்சீட்டில் என்று காட்டியது. அதன்பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு சீட்டுக்கு அடியில் பார்த்தபோது, மஞ்சள் ஒயரின் சாக்கெட் பாதி கழன்று கிடந்தது. அது விட்டுப்போனால் அந்த வண்டியில் எந்த ஏர்பேக்கும் விரியாது. அழுத்தி மாட்டி, ஒயரை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, லைட் அணைந்ததைக் காட்டி அனுப்பினேன்.

மறுபடி வந்தார். லைட் எரிந்தது, டேக் அறுந்திருந்தது. "அடியில என்னங்க வெக்கிறீங்க?" என்று கேட்டேன். "குடதான்" என்றார். இந்த வெயிலில் குடையாம்! மாட்டிக் கொடுத்தேன். அதன்பிறகும் வந்தார். இம்முறை சாக்கெட்டின் பூட்டே உடைந்து, பக்கத்தில் ஒரு பாட்டில் மூடி கிடந்தது. "குடைக்கு ஏதுங்க மூடி?" என்றதற்குச் சிரித்தார். மரக்காணத்து மச்சானுக்கு இங்கிருந்து சரக்கு கொண்டுபோவதும், கனகசெட்டிக்குளம் எல்லை தாண்டினால் போலீஸ் சோதனை இருக்கும் என்று மனைவி உட்காரும் சீட்டுக்கு அடியில் திணிப்பதும் அப்போதுதான் தெரிந்தது. பொம்பளை உட்கார்ந்திருந்தால் குனிந்து பார்க்கமாட்டார்களாம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. புது சாக்கெட் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள், எடுத்தாலும் அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதற்கு அவர், "அதெல்லாம் கெடக்கட்டும்பா, லைட்ட மட்டும் அணைச்சு உடு. ஓட்டும்போது கண்ணுல குத்துது" என்றார். "அதுக்கு நான் எதுக்கு? வாயால ஊதுங்க" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் வாசலில் நிற்கும் அந்தக் காரின் மீட்டரில் லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அதை நான் ஒட்டவில்லை. யாரோ ஒட்டியதற்கு என் கடையை இழுத்து மூடச் சொன்னால் நான் எங்கே போவேன்?

அதன்பிறகு, மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போகும்போது முன்னால் நின்ற பஸ்ஸில் கார் மோதியதாகக் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி வசந்தா பெல்ட் போட்டிருந்தும் முகம் டேஷ்போர்டில் அடித்து, மூக்கில் தையலும் வலது கையில் மாவுக்கட்டுமாகக் கிடந்தார். பிளவுஸ் தைத்துப் பிழைக்கிற கை அது. அவராகவே சொன்னார்:

"மோதினதும் குனிஞ்சு என் சீட்டுக்கு அடியில கைய உட்டுப் பாத்தாருண்ணா. 'நல்லவேள, ஒண்ணும் ஒடையல'ன்னாரு. என்னத்தான் சொல்றாருன்னு நெனச்சு, 'இல்லங்க, கை ஒடஞ்சிருச்சு'ன்னேன்."

கேட்டு எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) பு. இளஞ்செழியன்
என் முன்பாக: உதவி ஆய்வாளர்