டிக்கியில் படுத்த ஆள்

மணி பன்னிரண்டு. ராத்திரி இல்லை, பகல். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் சித்திரை வெயிலில் ஒழலப்பதி ரோட்டில் நின்றிருக்க மாட்டான். இரண்டு பக்கமும் பனை. ஆள் இல்லை, மாடு இல்லை. அந்த ரோட்டில் ஒரு பழைய கார் போகிறது... டொக்... டொக்.

கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வர இன்னும் நேரமிருக்கிறது. கிட்ட வந்து உட்காருங்கள். இது நம்ம குப்பண்ணனின் மச்சினன் காளிச்சாமிக்கு நடந்தது. அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவன் குப்பண்ணன். இதோ உட்கார்ந்திருக்கிறான், நான் தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

காளிச்சாமியைத் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வடகரப்பதியில் பாதித் தோப்பு அவனுடையது. மனசு மட்டும் கொட்டாங்குச்சி அளவு. தேங்காய் பறிக்க ஓர் ஆளை ஏற்றினால் அவனைக் கண்காணிக்க இன்னொரு ஆள். அந்த ஆள் தூங்குகிறானா என்று பார்க்க மூன்றாவது ஆள். இந்த மகாப்பிரபு, மகள் பூவாத்தாளுக்குச் சீராகக் கார் தருகிறேன் என்று சபையில் வாயை விட்டுவிட்டான். பிறகு கோயமுத்தூரில் யாரோ கழித்துப்போட்ட வண்டியைப் பிடித்து, புதுப் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தினான். பெயிண்ட் பளபளத்தது. ஆனால் குழியில் இறங்கினால் பின்பக்கம் டொக் என்றது.

மாப்பிள்ளையின் அப்பா ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கினார்.

"கல்யாணத்துக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லீன்னா வண்டியும் வேண்டாம், பொண்ணும் வேண்டாமுங்க."

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பூவாத்தாளுக்கு அந்தப் பையனைப் பிடித்தும் போயிருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் பழனிச்சாமி வந்தான். பின்பக்கத்தை அமுக்கி விட்டுப் பார்த்தான். ஷாக் அப்சார்பரை மாற்றினான். அச்சைத் தாங்கும் கமான் பட்டைக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினான், ஆட்டம் இருந்தது. ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு போல்ட்டுகளை முறுக்கினான். ஓட்டிப் பார்த்தால்... டொக். "திருட்டுப் பயலே" என்று கத்தினான் காளிச்சாமி. வண்டி வாங்கும்போது இவன் கண்ணை எங்கே அடகு வைத்திருந்தானோ.

"ஏனுங்ணா, டிக்கிக்குள்ள படுத்துக் கேட்டாத்தான் தெரியுமுங்க" என்றான் பழனிச்சாமி. "நான் படுத்துக்கறேன். சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தகரத்தத் தட்டறேன். நீங்க ஓட்டுங்க."

மூடினார்கள். கிளம்பினார்கள்.

குழி. டொக்... உடனே இடது பக்கத் தகரத்தில் ஒரு தட்டு. அடுத்த குழி. டொக்... மறுபடி இடது பக்கம்.

"பாத்தீங்களா மச்சான், எடது பக்கம்தான்!" காளிச்சாமிக்கு ஏகப்பட்ட பெருமை, என்னவோ அவனே படுத்துக் கண்டுபிடித்தது போல.

அப்புறம் குழியே இல்லாத இடத்தில் ஒரு தட்டு. இன்னொன்று. பனை ஓரமாக வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். காற்றுகூட இல்லை...

டொக்.

குப்பண்ணன்தான் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தான். குப்பென்று ஈர மண் வாசம். அந்த வெயிலில், ஈர மண். பழனிச்சாமி வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியவன் கோபமாகத்தான் கேட்டான்.

"என்னைய நம்பாம இன்னொரு ஆள எதுக்குங்ணா உள்ள போட்டீங்க? நான் கையத் தூக்கறதுக்குள்ள அவரே தட்டிப்போடறாரு."

காளிச்சாமி குனிந்து பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. இடது பக்கம் விரித்திருந்த கோணிச்சாக்கு மட்டும் ஆள் படுத்த அளவுக்கு அமுங்கியிருந்தது... பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக எழும்பியது.

திரும்பி வருகையில் எந்தக் குழியிலும் சத்தம் இல்லை. மனிதனாகப் பிறந்தவன் அந்த வண்டியை அன்றே கொளுத்தியிருப்பான். இவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய மூச்சு உடக்கூடாது" என்றான். வைகாசியில் கல்யாணம். பூவாத்தாள் அதே வண்டியில் புகுந்த ஊரான கிணத்துக்கடவு போனாள்.

ஆடிக்கு அவளைச் சம்பந்தியே கொண்டுவந்து விட்டார். இலை போட்டாயிற்று. வண்டியில் சத்தமே இல்லை என்று அவர் மெச்சிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் ரசம் ஊற்றியபடி அப்பாவிடம் கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, என்னையப் பாத்துக்க டிக்கியில ஒரு ஆளப் போட்டு அனுப்பிச்சிருக்கறீங்களாட்ட? சோறு கொண்டுபோயி வெச்சா தொடவே மாட்டேங்கறாரு. மழையிலயும் அங்கயேதான் கெடக்கறாரு, பாவம். ஊட்டுக்குள்ள வந்து படுக்கச் சொல்லட்டுங்களா?"

குப்பண்ணன் சோற்றில் கை வைத்தபடி காளிச்சாமியைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி திரும்பி வரும், கொஞ்சம் மானம் போகும், பெண் பிழைப்பாள். அந்தக் கேடுகெட்டவன் சம்பந்தியின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

"ஆமா கண்ணு, நாந்தான் அனுப்பிச்சேன். உள்ள வந்து படுக்கச் சொல்லு."