இரண்டு லெவல் மூர்க்கம்

பகடையை உருட்டுவதற்கு முன்னால் உள்ளங்கைக்குள் வைத்து ஊதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஊதினால் எண் மாறாது, எச்சில்தான் ஒட்டும். என் தங்கையின் கணவர் ஒருநாளும் ஊதியதில்லை. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலப் பகடையை மேஜையில் விடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

என் பகடைகளை நீங்கள் உறையில் போட்டு எடுத்துப் போனீர்கள். எடை பார்த்திருப்பீர்கள், சரியாக இருந்திருக்கும். பகடையில் ஒன்றுமில்லை.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது புரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். நான் கதையை நடத்துவேன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். குகை, கதவு, உள்ளே ஏதோ உறுமுகிறது என்று நான் சொல்லி, "என்ன செய்றீங்க?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். என் முன்னால் ஓர் அட்டை மறைப்பு நிற்கும். எதிரிகளுக்கான பகடையை அதன் பின்னால் நான் உருட்டுவேன். அதை வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

விளையாட வருகிறவர்கள் மூன்று பேர். தங்கை, அவள் கணவர், எங்கள் பெயின்ட் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவனைக் கிரேன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தங்கை கணவருக்கு அங்கே நிதானம் என்று பட்டப்பெயர். பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். நட்டை முறுக்குவார், தொட்டுப் பார்ப்பார், நாலடி நடந்து போய் மறுபடி திரும்பி வந்து பார்ப்பார். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி.

மேஜையிலும் அவர் அப்படித்தான். அவருடைய பாத்திரம் ஒரு போர்வீரன். மற்றவர்கள் இடி, சூறாவளி என்றெல்லாம் பெயர் வைத்தபோது அவர் வைத்த பெயர் காவலாளி. முழு இரும்புக் கவசம், பெரிய கேடயம். எந்தக் கதவானாலும் "ஒரு நிமிஷம் மச்சான், முதல்ல பாத்துக்கறேன்" என்பார்.

"என்ன நிதானம், பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்பான் கிரேன். "கதவுக்கே வெக்கம் வந்துடுச்சு."

தங்கை சிரிப்பாள். "வீட்டுலயும் இதே கதைதான். பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்காம தெருவுல இறங்க மாட்டார்."

அவரும் சிரிப்பார். கோபமே வராத மனிதர். கோபம் வராதவர்களோடு பழகுவது எவ்வளவு களைப்பான வேலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

போன வருஷம் ஒன்று நடந்தது. எங்களிடம் கரைப்பான் தொட்டிகள் இருக்கின்றன. கழுவுவதற்கு முன்னால், தீப்பிடிக்காமலிருக்க, உள்ளே ஒரு வாயுவை நிரப்புவோம். அதற்கு மணம் கிடையாது. அதில் இரண்டு மூச்சு இழுத்தவன் மூன்றாவதற்கு இருக்க மாட்டான். காற்றை மாற்றி, மூச்சுவிடத் தகுந்த காற்றா என்று அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம். அன்று மீட்டர் விடாமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பசி நேரம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இறங்க வேண்டியவர் அவர். தன் இடுப்பு மீட்டரை நூலில் கட்டி உள்ளே விட்டார். பிறகு என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மீட்டர் கத்துது மச்சான். நீங்க பாத்தப்போ சரியாத்தான் இருந்திருக்கும். இன்னொரு தடவை பாத்துடலாமா?"

நான் சொல்ல வேண்டிய பொய்யையும் அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். தொட்டியின் வாயருகே இருவரும் உட்கார்ந்து காற்று மாறுவதற்காகக் காத்திருந்தோம். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. விஷயத்தை அவர் மேலாளரிடம் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. சொல்வார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். என் தட்டில் முதலில் சோறு போடச் சொல்வார். நான் வந்தால் எழுந்து நாற்காலி தருவார். ஒருமுறை கத்தியிருந்தால்கூட உங்கள் முன்னால் இந்த நாற்காலியில் நான் இன்று உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காவலாளிக்கு லெவல் ஏறியது.

லெவல் ஏறும்போது பாத்திரத்துக்குப் புதுத் திறமைகள் கிடைக்கும்; போர்வீரனாகவே தொடரலாம். அல்லது மந்திரவாதி, திருடன் என்று வேறொரு வகுப்பிலிருந்து ஓரிரு லெவல் எடுத்துக் கலந்துகொள்ளலாம். நல்ல கலவை அமைப்பது ஒரு கலை. எதை எடுக்கிறோமோ அதைப் போலத்தான் அந்த ஆள் அதன் பிறகு நடந்துகொள்வான். அவர் திருடன் வகுப்பில் இரண்டு லெவல் எடுக்க ஆசைப்பட்டார்.

"திருடன் எதுக்கு?" என்று கேட்டேன்.

"பொறி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கலாமே மச்சான்."

"பொறியைப் பாத்துக்கிட்டே எத்தனை நாள் வாழ்வீங்க? மூர்க்கன் எடுங்க. ரெண்டே லெவல். வெறி ஏறுனா வாங்குற அடி பாதியாயிடும். முன்னபின்ன யோசிக்காம பாய்ஞ்சா, ரெண்டு பகடை உருட்டி பெரிய எண்ணை வெச்சுக்கலாம்."

அவர் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தார். "அப்படிப் பாய்ஞ்சா எதிரிக்கும் என்மேல ரெண்டு பகடைன்னு போட்டிருக்கே. அதை யார் உருட்டுவா?"

"நான்தான்."

"அப்போ சரி," என்றார். "நீங்கதானே."

ஒரு நிபந்தனை இருந்தது. கனமான கவசத்தோடு அந்த வெறி வேலை செய்யாது. ரப்பரை எடுத்து, காவலாளியின் கவசத்தைத் தாளிலிருந்து அவரே அழித்தார். துகளை ஊதித் தள்ளினார். அவர் எதையாவது ஊதிப் பார்த்தது அன்றுதான்.

ஆலோசனையில் குற்றம் சொல்ல முடியாது. வலுவான கையுள்ள ஒரு போர்வீரனுக்கு அது நல்ல கலவை. விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காவலாளி பாய்ந்தான். எதிரிகள் திருப்பி அடித்தார்கள். மறைப்புக்குப் பின்னால் இரண்டு பகடையும் உருண்டன. பெரிய எண் விழுந்தபோதெல்லாம் சிறிய எண்ணைச் சொன்னேன். "தப்பிச்சுட்டீங்க." கிரேன் மேஜையைத் தட்டுவான். அவர் பாயாமல் நின்று யோசித்த நாட்களில் உண்மையான எண்ணைச் சொன்னேன், நன்றாக அடி வாங்கினார். ஒரு மனிதனுக்குப் பாடம் எடுக்கிறோம் என்று அவனுக்கே தெரியாமலிருப்பதுதான் நல்ல பாடம். மழைக்காலம் முடிவதற்குள் "பாத்துக்கறேன்" என்ற சொல் போய்விட்டது. "என்ன செய்றீங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "இறங்குறேன்" என்பார்.

பிறகு அது மேஜையை விட்டு வெளியே வந்தது. ஓடுகிற பேருந்தில் தாவி ஏறினார். சந்தைத் தெருவில் இரண்டு பேர் கத்தியோடு மல்லுக்கு நின்றபோது நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். ஒருநாள் கயிறு கட்டாமல் கூரையில் ஏறி வால்வைத் திருகினார். நான் கீழே நின்று பார்த்தேன். எச்சரிக்கை கொடுக்க வேண்டியது என் வேலை. இறங்கி வந்தவரின் தோளைத் தட்டினேன். முகம் எப்படி மலர்ந்தது என்று நினைக்கிறீர்கள்.

தங்கை எனக்கு நன்றி சொன்னாள். "உன் விளையாட்டு இவரை ஆளே மாத்திடுச்சு அண்ணா. இப்போ பூட்டைக்கூட இழுத்துப் பாக்கறதில்ல." அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்டது. சனிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளை. மூன்றாம் தொட்டியைத் திறந்து வைத்திருந்தோம், காற்று இன்னும் மாற்றவில்லை. கிரேன் கேன்டீனில் இருந்தான். அவனுடைய ஹெல்மெட் வழக்கமான கொக்கியில் தொங்கியது. அதை எடுத்து வந்து தொட்டியின் வாயருகே வைத்தேன். நிதானம் அந்தப் பக்கம் வந்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிரேன் உள்ள விழுந்து கிடக்கான்," என்றேன்.

அவர் கை இடுப்பு மீட்டருக்குப் போனது. அங்கேயே நின்றது. ஒரு வருஷப் பழக்கத்தைவிட நாற்பது வருஷப் பழக்கம் பெரிதாக இருந்துவிடுமோ என்று எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் குரலில் கேட்டேன்.

"என்ன செய்றீங்க மச்சான்?"

"இறங்குறேன்," என்றார்.

தொட்டியின் வாய் குறுகலானது. மீட்டர் மாட்டியிருந்த இடுப்புப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கவசத்தை அழித்தபோது இருந்த அதே முகம். இறங்கினார். மூன்றாவது படி வரை காலடி கேட்டது. பிறகு ஏதோ மெத்தென்று விழுந்த மாதிரி ஒரு சத்தம். பட்டையைத் தொட்டியின் வாய்க்கு மேல் பிடித்திருந்தேன், மீட்டர் கத்தத் தொடங்கியது. அதை அணைத்தேன். சுவாச முகமூடிகள் வைத்திருக்கும் அறை நாற்பது அடி தூரத்தில்தான். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன், போன வருஷம் இருவரும் உட்கார்ந்திருந்த இடத்தில். இந்த முறையும் அவர் ஒன்றும் பேசவில்லை.

கிரேன் பல் குத்திக்கொண்டே வந்தான். "என் ஹெல்மெட் எப்படி இங்க வந்துச்சு? நிதானம் எங்க?" என்று கேட்டான். அவனிடம் எதையும் மறைக்கவில்லை. உங்களிடமும் மறைக்கவில்லை.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். என்னைப் பார்க்க மறுக்கிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரை நான் தள்ளவில்லை. கேள்விதான் கேட்டேன், பதில் அவருடையது. அன்றைக்கு நான் பகடையைத் தொடவே இல்லை.