ஈரக் கயிறு

அண்ணே, அண்ணே, அப்படியே உள்ள போகாதீங்க லா. கதவுல ஒட்டிருக்கறத பாக்கலயா? கவுன் போடணும். மஞ்சள்தான், வேற கலர் கெடையாது. தைப்பூசத்துக்குப் போறதா நெனச்சுக்குங்க. திரும்புங்க, முதுகுல நான் கட்டி விடறேன்.

டெங்கில் ஊர்லருந்தா வரீங்க? ரோட்டு ஜாம்ல செத்திருப்பீங்களே. நானா? நான் மூணு நாளா நிக்கறேன். காலு தனியா கழண்டு வந்துரும் போல.

போடறது சுலபம் அண்ணே, பத்துமலைக் கொரங்குக்குக்கூட சொல்லிக் குடுத்துரலாம். கழட்டறப்பதான் எல்லாரும் மாட்டுவாங்க. வெளிய வரப்போ மொதல்ல கிளவுஸ், அப்புறம் கவுன், கை கழுவணும், மாஸ்க் கடைசி. கிளவுஸோட ஃபோன நோண்டாதீங்க. போட்டுட்டா கை சுத்தம்னு நெனப்பு நமக்கு. ஊர் அழுக்கெல்லாம் அதுலதான் ஒட்டும்.

அட, கையில என்ன, செவப்புக் கயிறா? அத எடுத்துரணும். சாமி கயிறுதான், தெரியுது. கிளவுஸுக்குள்ள தள்ளிட்டா தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அதே ஐடியா எனக்கும் வந்துச்சு.

நான் நர்சிங் படிச்சவன். படிச்சவன்னா, ரெண்டு தடவ பெயிலு. மூணாவது தடவைக்கு எங்கம்மா கோயில்ல பூசை பண்ணிக் கட்டி விட்டாங்க. பாஸாகற வரைக்கும் அவுக்கக் கூடாதாம். வார்டுல குமுதா சிஸ்டர் தெனம் காலையில எங்க கைய செக் பண்ணுவாங்க. மோதிரம், வாட்ச், கயிறு, எதுவும் இருக்கக் கூடாது. நான் கயித்த மேல ஏத்தி சட்டைக் கைக்குள்ள ஒளிச்சுருவேன். லூசாக் கட்டுனதா, செக் முடிஞ்சதும் தானா எறங்கி வந்துரும். நாளைக்கு நாப்பது தடவ கை கழுவறேன். கை காயும், கயிறு காயாது. மோந்து பாத்தா மீன் பாசார், மீன் சந்தை நாத்தம் லா.

ஒரு நாள் ஒரு ஆன்டிக்கு டிரெஸ்ஸிங். ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள், புண்ணு அழகா ஆறிக்கிட்டு இருந்துச்சு. பயந்தவங்க. அதனால ஜோக் சொல்லிக்கிட்டே பண்றேன், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாங்க. கிளவுஸ் விளிம்பு சுருண்டு, கயித்து நுனி வெளிய வந்து, புண்ணு மேல பட்டுச்சு.

பாத்தேன் அண்ணே. நான் மட்டும்தான் பாத்தேன். சிஸ்டரக் கூப்பிட்டுச் சொல்லிருக்கணும். மறுபடி சுத்தம் பண்ணிருப்பாங்க, பத்து நிமிஷ வேலை. நான் ஜோக்க முடிச்சேன். பிளாஸ்டர ஒட்டுனேன்.

நாலே நாள்ல காய்ச்சல், சீழு. கயித்தாலதானா, வேற எதாலயுமா, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. யாரும் என்னக் கேக்கவும் இல்ல. மறுபடி வெட்டணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே காலேஜ விட்டுட்டேன். கயித்தயும் அவுத்தாச்சு, பாஸாகாமலே.

இந்தாங்க கத்திரிக்கோலு. கையக் குடுங்க. ஆங், அவ்வளவுதான். பர்ஸுல வச்சுக்குங்க, சாமி கோவிச்சுக்காது. இப்ப கிளவுஸ போடுங்க.

இல்ல அண்ணே, நான் இங்க ஸ்டாஃப் இல்ல. வாசல்ல நிக்கற செக்யூரிட்டிக்கு என் மூஞ்சி பழக்கம், விட்டுட்டாரு. விசிட்டிங் நேரத்துல வரேன், இந்தக் கதவு வரைக்கும் வரேன், உள்ள போகத்தான் காலு வரல. நீங்க போய் அந்த ஆன்டிகிட்ட சொல்லுங்க, அந்த ஜோக் சொன்ன பையன் வெளிய நிக்கறான்னு.

ஆமா. ஆறாம் நம்பர் ரூம். உங்கம்மாதான். டெங்கில்ல இருக்கற மகனப் பத்தி அவங்கதான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

அண்ணே, இருங்க. அடிக்கறதுன்னா அவங்களப் பாத்துட்டு வந்து அடிங்க. மொதல்ல கிளவுஸ், அப்புறம் கவுன், கை கழுவிட்டு. நான் இங்கயேதான் நிப்பேன்.