மாமியாரின் பெயர்

என் மனைவி லொரெய்னுக்குக் குளிர் ஆகாது. ஓஹையோவில் அக்டோபர் மாதம் என்பதால், நீச்சல்குளத்துத் தண்ணீரை முதல் நாளே சூடாக்கி வைக்கச் சொல்லியிருந்தேன்.

நான் எடுப்பது பேய்ப்படங்கள். இந்த நாட்டைப் பற்றி உண்மையை நேராகச் சொன்னால் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஒரு பூதத்தின் வாயில் வைத்துச் சொன்னால் சோளப்பொரியைக் கொறித்தபடி கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் எஃகு ஆலை மூடியபோது வீடு வீடாகத் தெரு காலியானது. மிச்சமிருந்தவர்கள் தோட்டத்தில் இறைச்சி வாட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அதைத்தான் படமாக்கினேன்: குளத்தடியில் ஒரு பூதம், அது இழுத்துப்போகும் ஒரு பெண், கரையில் சாப்பாட்டை நிறுத்தாத அண்டை வீட்டார். பெண்ணாக நடித்தவள் லொரெய்ன்.

பேய்ப்படத்தில் ‘காப்பாத்துங்க’ என்பது வசனம். அதனால் உண்மையான ஆபத்துக்கு வேறொரு சொல் வைத்துக்கொள்வது வழக்கம். அவள் தன் அம்மாவின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள்.

“வில்மான்னு கத்துறேன். மாமியார் பேரக் கேட்டா நீ போட்டது போட்டபடி ஓடிருவல்ல,” என்றாள். குழுவே சிரித்தது.

நான் ‘கட்’ சொல்லும்வரை என்ன நடந்தாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி கரையிலிருந்த நடிகர்களிடம் சொல்லியிருந்தேன். குளத்தின் அடித்தரையில் பொருத்தியிருந்த பூதத்தின் ரப்பர்க் கையை அவள் கணுக்காலில் ஒரு வாரால் கட்டியிருந்தோம். இழுத்தால் கழன்றுவிடும். அன்று கழலவில்லை.

முதலில் வசனம் பேசினாள். பிறகு வில்மா என்றாள். ஒலிப்பதிவாளர் ஓட்டிஸ் என் பக்கம் குனிந்தார்.

“வால்ட், வில்மான்னு சொல்றாப்பா.”

“கேட்டுச்சு. கேமரா ஓடட்டும்,” என்றேன்.

ஏனென்றால் அப்போது கரையிலிருந்த முகங்கள் மெல்ல என் பக்கம் திரும்பின. வாயில் இறைச்சி, கண்ணில் பயம், ஒருவரும் எழவில்லை. அப்படியொரு பார்வையைச் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது. அவள் இன்னொரு முறை மேலே வந்து அம்மாவின் பெயரில் பாதியைச் சொன்னாள். அதன்பின் வரவில்லை. கேமரா முகங்களின் மேலேயே நின்றது.

தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். ஓட்டிஸும் அப்படியே சொன்னார். அவரும் உட்கார்ந்துதானே இருந்தார்.

அடக்கத்தன்று வில்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?”

“உங்க பேரத்தான் சொன்னா.”

அதில் பொய் இல்லை.

படம் வந்ததும், அமெரிக்காவின் குற்றவுணர்வை ஒரே காட்சியில் பிடித்துவிட்டதாக எழுதினார்கள். அதைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அழுகிறேன். அந்த நடிகர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.