பலகையில் விடுபட்ட அரவு

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“‘பல் கொடுக்கும் அறை’யாம்! கிளினிக்கில புதுசாப் போட்ட பலகை. பால் எண்டதில அரவை, அந்தத் துணைக்காலை, விட்டுட்டாங்கள்.”

மூத்தவர் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க அக்கா. கைக்குழந்தையோட வந்த ஒருத்தி, அது பல்லு டொக்டரின்ட அறையெண்டு நினைச்சு வெளியில வெயிலுக்குள்ள நிண்டு பால் குடுத்தவ. சுத்திவர ஆம்பிளையள்.”

“ஒபிசில சொல்லேல்லையா?”

“சொன்னனான். ‘ஒரு எழுத்துத்தானே மிஸ், விளங்கும்தானே’ எண்டார் அங்க இருந்த ஐயா. பலகையில மேல இருக்கிற சிங்களத்தில ஒரு எழுத்துப் பிழைச்சிருந்தா அண்டைக்கே கழட்டியிருப்பீங்கதானே எண்டு கேட்டன். அவர் ஃபைலைப் புரட்டத் தொடங்கிட்டார்.”

“பிறகு?”

“ஹேண்ட்பேக்கில ஐப்ரோ பென்சில் கிடந்தது. நானே அரவைப் போட்டன். செக்யூரிட்டி ஓடி வந்து கத்தினான்.”

“ஐயோ! நீ என்ன செய்தனீ?”

“கத்தட்டும் எண்டு விட்டுட்டு, அந்தத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுபோய் உள்ள இருத்திக் கதவைச் சாத்தினன்.”