கந்தப்பன் மாமா வீட்டுக் கதவு

பழைய வீட்டுக்குப் பொருந்துகிற கதவு கட்டுப்படியான விலையில் கிடைப்பது, இந்தக் காலத்தில் பையனுக்குப் பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம், சார். நீங்கள் தமிழ் தெரிந்த உடும்பஞ்சோலைக்காரர், வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல் என்றதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மலையாளத்தில் எழுதியிருந்தால் 'பூபதிராஜா, கதவுத் திருட்டு' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் அடுத்தவர் வீட்டுத் தேங்காயைக்கூடத் தொட்டதில்லை.

வடகரப்பதியில் இருக்கும் என் வீடு வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடு. கதவைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. ஒரு நாள் என் மனைவி செல்வப்பிரியா தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ்ப்பாள் மட்டும் கையோடு வந்தது. வாசலுக்குத் தகரத்தைச் சாத்தி வைத்தேன். கேட்டவர்களெல்லாம் இரும்புக் கதவு வாங்கச் சொன்னார்கள். மரம் மாதிரி பெயின்ட் அடித்து விற்கிறார்களே, அதுதான். அந்த வீட்டுக்கு அதை மாட்டினால் பட்டு வேட்டிக்குக் கீழே கம்பூட்ஸ் போட்டதுபோல இருக்கும். தேக்கில் புதிதாகச் செய்யத் தச்சர் சொன்ன விலைக்கு, மரியாதையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன்.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று பழைய மரக்கடை ஒன்று விடாமல் அலைந்தேன். அளவு சரியாக இருந்தால் விலை சரியில்லை. விலை சரியாக இருந்தால் அளவு சரியில்லை. நல்லதையெல்லாம் கொச்சி ஓட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். இதற்குள் ஒரு தெருநாய் தகரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் மெத்தையில் படுக்கப் பழகிவிட்டது. செல்வப்பிரியா பெட்டியைக் கட்டினாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குக் கதவு வெச்சப்பறம் கூப்புடுங்க. அதுவரைக்கும் நாங் எங்கம்மா ஊட்ல இருக்கறேன்," என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கந்தப்பன் மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பார்க்கப் போனேன். உறவு ஒன்றும் இல்லை, ஊர் முறைக்கு மாமா. பக்கத்திலேயே மகன் கோபிநாத் மாடி வீடு கட்டியும் அவர் பழைய வீட்டை விட்டு நகரவில்லை. அந்த வீட்டுக் கதவை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ், மேலே தாமரை. சாய்ந்து நிற்பதுபோல நின்று சாண் போட்டு அளந்தேன். என் வாசலுக்கென்றே செய்ததுபோல இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தச்சன் கைவைத்திருக்க வேண்டும்.

விலைக்குக் கேட்டேன். தான் உயிரோடு இருக்கும்வரை அதன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்றார் மாமா. அவருக்குப் பிறகு கொச்சி வியாபாரிக்குக் கொடுப்பதாக கோபிநாத் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அந்த விலை நமக்கு எட்டாது.

உங்கள் வேதத்தில் இது இருக்காது, அதனால் சொல்கிறேன். அவிட்டம் தொடங்கி ரேவதி வரை வரிசையாக வரும் ஐந்து நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு என்போம். போன உயிர் திரும்பி வந்து இன்னொருவரையும் அழைக்கும் என்று பயம். எலப்புள்ளியில் என் சித்தப்பா சதயத்தில் போனபோது, அவர் கட்டிலையும் பீரோவையும் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். நல்ல நட்சத்திரத்தில் செத்தால் அது பழம்பொருள். கெட்ட நட்சத்திரத்தில் செத்தால் விறகு. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் மறுபடி போன அன்று திருவோணம். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. திருவோணத்திலேயே போய்விட்டால் என் கதி என்ன? ஆகவே அவரைக் காப்பாற்ற உட்கார்ந்தேன். கற்பூர எண்ணெய் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தேன், ஆவி பிடிக்க வைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், மருந்தை நேரம் தவறாமல் ஊட்டினேன். என் மோட்டார் ரிப்பேர்க் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே கிடந்தேன். மாமாவின் மனைவி பழனாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெத்த புள்ளகூட இப்பிடிப் பாக்க மாட்டானுங் தம்பி," என்றார். எனக்கும் கண் கலங்கியது. பொய்யாக அழுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவிட்டம் பிறந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நான் நிம்மதியாக இருந்தபோது மாமா கண்ணைத் திறந்து காப்பி கேட்டார். சதயத்தில் எழுந்து உட்கார்ந்தார். பூரட்டாதியில் குச்சி ஊன்றி மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். உத்திரட்டாதியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் கேட்டு வாங்கி, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். ஊரே என்னைக் கும்பிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை, சார். நான் ஒருவன்தான் அந்த வீட்டில் மனம் ஒடிந்து திரிந்தேன்.

மிச்சம் ரேவதி. அதுவும் அன்று மதியத்தோடு முடிகிறது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணம். மாமா தேறிவிட்டார், துணைக்குத்தான் பூபதி இருக்கிறானே என்று எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நானும் மாமாவும் மட்டும்.

காலையிலேயே முடித்திருக்க வேண்டிய காரியம். ஆனால் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். பொள்ளாச்சிச் சந்தையில் விற்ற எருமை அவருக்கு முன்னால் வீடு திரும்பிய கதை. அது முடிந்ததும் கிணறு வெட்டிய கதை. பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுவது எங்கள் வளர்ப்பில் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, உம் கொட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேவதி என் கண் முன்னாலேயே முடிந்துபோயிற்று.

அப்போதுதான் அவர் சொன்னார். "ஏப்பா பூபதி, நீ அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? எடுத்துக்க சாமி. நாம் போனதுக்கப்பறம் அது உனக்குத்தான். காசு கீசெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பொழுதோட கோபி வந்தா நாஞ் சொல்லிப்போடறேன்."

"மாமா, அதெல்லாம் எதுக்குங்க," என்றேன். அப்படிப்பட்ட மனிதர்.

கோபிநாத் வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் யோசித்தேன். போனதுக்கப்புறம் என்றாரே தவிர, எப்போது போவார் என்று சொல்லவில்லை. அந்த உடம்பு இன்னும் பத்து வருஷம் தாங்கும். அப்படித் தேற்றி வைத்திருந்தேன். செல்வப்பிரியா பத்து வருஷம் அம்மா வீட்டில் இருப்பாளா? கொடுத்ததை உடனே வாங்கிக்கொள்வதுதான் பெரியவருக்குச் செய்கிற மரியாதை என்று பட்டது. அதற்குப் பிறகு மாமா பேசவில்லை.

கல்யாணத்திலிருந்து வந்தவர்களிடம், அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மாமா தூக்கத்தில் போய்விட்டார் என்றேன். அவர் கதவைக் கொடுத்ததை கோபிநாத் நம்புவானோ மாட்டானோ என்ற சந்தேகத்தில், ரேவதியிலேயே இருக்கட்டும் என்று சொன்ன பொய் அது. என் பேரில் தப்பு என்றால் அது ஒன்றுதான்.

பழனாத்தாள் அத்தை முறையாகச் செய்கிறவர் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மாமாவை வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை. பக்கச் சுவரை இடித்துத்தான் எடுத்தார்கள். பிறகு சுவரைப் பூசி, கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டார்கள். ஆறு மாதம் யாரும் அதைத் தொடக் கூடாது. கதவுக்கு முன்னால் தினமும் ஒரு விளக்கு. அந்த விளக்கை ஏற்ற, பெற்ற பிள்ளையைவிடப் பெரியவன் என்று என்னையே வைத்தார்கள்.

தினமும் எண்ணெய் ஊற்றிவிட்டு அந்தத் தாமரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குப் போனால் தகரமும் நாயும். எத்தனை நாள் தாங்குவது? கோபிநாத்திடம் போய், நட்சத்திரம் தப்பு, ரேவதி முடிந்து அசுவினி பிறந்த பிறகுதான் அப்பா போனார், அசுவினிக்கு அடைப்பு கிடையாது என்று எடுத்துச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, கிட்ட இருந்தது நீங்க. ரேவதின்னு சொன்னதும் நீங்க. இப்ப என்னத்துக்கு மாத்திப் பேசறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதனால்தான் இன்று கடப்பாரையோடு போனேன். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பூட்டை நெம்பினேன். திருடுகிறவன் அப்படியா வருவான்? எனக்குக் கொடுத்த பொருளை எடுக்கப் போனவனைப் பிடித்துக் கட்டி, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தெருவே பார்த்தது.

உங்களைக் கேட்பது இரண்டே விஷயம். மாமா போனது அசுவினியில் என்று எழுதுங்கள், அடைப்பை எடுத்துவிடுவார்கள். கதவைத் தன் வாயாலேயே எனக்குக் கொடுத்தார் என்றும் எழுதுங்கள். அசுவினி என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். கடிகாரம் எதிர்ச் சுவரில்தான் இருந்தது, சார். அவர் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திருடுகிற புத்தி இருந்திருந்தால், ஒரு மனிதன் இவ்வளவு சிரமப்படுவானா?